மடக்கியும் அடங்காத கத்தி

இந்த முறை கொஞ்சம் கூர்மையான விஷயம். கத்தியைப் பற்றி எழுதி அறுவை போடுகிறான் என்று பாதியில் ஓடிவிடாமல் கடைசி வரை படியுங்கள். :-)

கேள்வி இதுதான். நாலு அங்குல அலகு உள்ள பெரிய மடக்குக்கத்தி ஒன்றைத் தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவது சரிப்பட்டு வருமா? எங்கள் வகுப்பில் ஒருவன் இணையத்தில் அப்படி ஒன்றைப் பார்த்து மயங்கிப்போய், வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நாளாக எங்களைப் போட்டு வதைத்துக்கொண்டிருக்கிறான். விடுதியில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "கத்தின்னாலே ரவுடித்தனம்டா, வேணாம்" என்பது ஒரு கட்சி. "வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு மச்சான், சின்னக் கத்தியெல்லாம் பென்சில் சீவத்தான்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் ஒரு கத்தி இருப்பது நல்ல பழக்கம். ஆனால் அது சின்னதாக இருக்க வேண்டும். பெரிய மடக்குக்கத்தி நல்ல கருவிதான், அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஏன் என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எது பெரிசு?

மடக்குக்கத்தியில் இரண்டு நீளம் உண்டு. ஒன்று அலகின் நீளம், இன்னொன்று மடக்கிய பிறகு இருக்கிற நீளம். கடைக்காரர் முதலாவதைச் சொல்வார். உங்கள் தொடைக்குத் தெரிவது இரண்டாவது. அலகு பிடிக்குள் போய் ஒளிய வேண்டும் என்பதால் மடக்கிய நீளம் எப்போதுமே அலகைவிடக் கூடுதலாக இருக்கும்.

உதாரணத்துக்கு மூன்று பிரபலமான கத்திகள். ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்தி எல்லோருக்கும் தெரியும். அதில் சாதாரண அளவு மடக்கினால் 9.1 செ.மீ., பெரிய ஆடம்பரம் இல்லாத ஸ்பார்ட்டன் மாடல் சுமார் 60 கிராம். அடுத்தது பிரான்ஸின் ஒப்பினெல். 1890-இலிருந்து வரும் மரப்பிடி போட்ட கத்தி. அதில் 8-ஆம் எண்ணுக்கு அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 45 கிராம்தான். மூன்றாவது அமெரிக்காவின் பக் 110. அலகு 9.5 செ.மீ., மடக்கினால் 12.4 செ.மீ., எடை சுமார் 204 கிராம்.

204 கிராம் என்றால் இன்றைய பெரிய செல்பேசி ஒன்றின் எடை. ஒரு பாக்கெட்டில் போன், இன்னொரு பாக்கெட்டில் இன்னொரு போன் கனத்தில் பித்தளையும் இரும்பும். இனி இந்தப் பதிவில் "பெரிய கத்தி" என்றால் அலகு 9 சென்டிமீட்டருக்கு மேலே உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக் 110 சொல்லும் கதை

பெரிய மடக்குக்கத்தி என்றாலே உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வருவது இந்த பக் 110தான். 1964-ல் வந்தது. வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. இடுப்பில் நீளமான உறைக்கத்தி தொங்கினால் குனிந்தால் நிமிர்ந்தால் இடிக்கிறது, அதே அளவு வேலை செய்கிற கத்தி பாதி நீளத்தில் மடங்கினால் தேவலை என்கிற தேவைக்குப் பதில் அது. அலகு விரிந்ததும் பின்பக்கம் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். உறைக்கத்தி மாதிரியே தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கத்தி பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் உறையோடுதான் விற்கப்பட்டது. அதாவது, உலகின் மிகப் புகழ்பெற்ற பெரிய மடக்குக்கத்தியைச் செய்தவர்களே அதன் இடம் இடுப்பு என்றுதான் நினைத்தார்கள், பாக்கெட் என்று நினைக்கவில்லை. அதற்கு அவர்கள் வைத்த போட்டியும் பேனாக்கத்தி இல்லை, உறைக்கத்தி.

அப்புறம் எப்படி பெரிய கத்தி பாக்கெட்டுக்குள் வந்தது? 1981-ல் ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனம் வொர்க்கர் என்று ஒரு கத்தியைக் கொண்டுவந்தது. பேனாவில் இருப்பது போல ஒரு கிளிப், அலகில் கட்டைவிரலை வைத்துத் தள்ள ஒரு வட்டமான ஓட்டை. கிளிப் இருப்பதால் கத்தி பாக்கெட்டின் அடியில் விழுந்து உருளாது, விளிம்பிலேயே தொங்கும். ஓட்டை இருப்பதால் ஒரே கையால் திறக்கலாம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் இதே வழியில் போனது. பிடிக்கு லேசான நார்ப் பிளாஸ்டிக் வந்ததும் எடையும் குறைந்தது. அதே கம்பெனியின் மிலிட்டரி என்கிற மாடலுக்கு அலகு 4 அங்குலம், எடை சுமார் 120 கிராம்தான்.

ஆகவே "பெரிய கத்தி பாக்கெட்டில் கனக்கும்" என்ற ஒரு வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஜெயிக்க முடியாது. நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எடைப் பிரச்சினையைக் காசு கொடுத்துத் தீர்க்கலாம். ஆனால் நீளம் நீளம்தான். மிலிட்டரியை மடக்கினால் ஐந்தரை அங்குலம், கிட்டத்தட்ட 14 செ.மீ. ஜீன்ஸ் பாக்கெட்டில் அதை மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்து பாருங்கள். தொடையும் இடுப்பும் மடங்குகிற இடத்தில் சரியாக வந்து முட்டும். சாவி எடுக்க, சில்லறை எடுக்க கையை விட்டால் வழியை மறிக்கும். வேட்டி கட்டுகிறவர்களுக்கு பாக்கெட்டே இல்லை, சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது முதலில் விழுவது அதுதான். எங்கள் வகுப்புப் பெண்களின் கதை இன்னும் மோசம். சுடிதாரில் பாக்கெட் வைத்துத் தைப்பதே அபூர்வம், வைத்தாலும் பஸ் டிக்கெட் வைக்கிற அளவுதான்.

ஒரு நாளில் எதைத்தான் வெட்டுகிறோம்?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. கத்தி வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் உருக்கு எது, பூட்டு எது, பிடி எது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எதை வெட்டப்போகிறோம் என்று மட்டும் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு வாரம் முழுக்க, "இந்த இடத்தில் ஒரு கத்தி இருந்தால் நன்றாக இருக்கும்" என்று தோன்றியதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தேன். கூரியர் பார்சலின் டேப். வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைச் சுற்றியிருந்த சணல். சார்ஜர் ஒயர் முனையில் உறையைச் சீவியது. சட்டைக் காலரில் குத்திக்கொண்டிருந்த லேபிள். இரண்டு கொய்யாக்காய், ஒரு மாங்காய், டீக்கடையில் வாங்கிய எலுமிச்சை. புராஜெக்டுக்காக அட்டை. கேபிள் டை இரண்டு. ஷாம்பு பாக்கெட்டும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் (பல்லால் கடித்துக் கடித்து ஒரு பக்கப் பல்லே தேய்ந்துவிடும் போல).

இந்தப் பட்டியலில் ஐந்து சென்டிமீட்டர் அலகுக்கு அடங்காத வேலை எது? மாங்காய் மட்டும்தான் கொஞ்சம் இழுக்கும். அதையும் சுற்றிச் சுற்றி அறுத்துவிடலாம்.

எங்கள் தாத்தா விவசாயி. அகலமான பச்சை பெல்ட், அதன் பையில் காசு, மூக்குப்பொடி டப்பா, ஒரு சின்ன மடக்குக்கத்தி. அலகு இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். வெற்றிலைக் காம்பு கிள்ளுவதிலிருந்து உர மூட்டைத் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை அளவாக நறுக்குவது, பேரப்பிள்ளைகளுக்கு நுங்குக் குச்சி சீவித் தருவது வரை அத்தனைக்கும் அதுதான். பெரிய வெட்டு வேலை வந்தால் அந்தக் கத்தியை எடுக்கவே மாட்டார். அதற்கு வீட்டுச் சுவரில் அரிவாள் செருகியிருக்கும்.

இதில் ஒரு அறிவு இருக்கிறது. நம் ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கத்தி உண்டு. காய் நறுக்க அரிவாள்மனை, பாக்குக்குப் பாக்குவெட்டி, கதிருக்குக் கதிரரிவாள், விறகுக்கும் இளநீருக்கும் கனத்த அரிவாள். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய மடக்குக்கத்தி இந்த வரிசையில் எங்கே வருகிறது? இளநீர் சீவ முயன்று பாருங்கள், யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊறுகாய்ப் பாக்கெட் வெட்டிப் பாருங்கள், கொசுவை அடிக்க உலக்கை. அரிவாளின் வேலைக்கு எட்டாது, பேனாக்கத்தியின் வேலைக்கு மிஞ்சிவிடும்.

ஒப்பினெல் கத்தி ஆரம்பத்தில் 1 முதல் 12 வரை எண் போட்டு வந்தது. சின்னதற்கு அலகு 2 செ.மீ., பெரியதற்கு 12 செ.மீ. இத்தனை அளவு இருந்தும் இன்று ஒப்பினெல் என்றாலே எல்லோருக்கும் 8-ஆம் எண்தான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கத்தியால் அறுத்தே சாப்பிட்ட விவசாயிகளின் ஊர்க் கத்தி அது. அப்படிப்பட்ட ஊருக்கே எட்டரை சென்டிமீட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது. டேப் கிழிக்க நமக்கு எதற்கு பத்து?

கொஞ்சம் மெக்கானிக்ஸ் (பயப்பட வேண்டாம்)

மெக்கானிக்கல் மாணவனாக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் சார் கோபித்துக்கொள்வார்.

பிடியிலிருந்து அலகின் நுனி எவ்வளவு தூரமோ, நுனியில் படும் விசை உங்கள் மணிக்கட்டை அவ்வளவு திருப்பும். விசை பெருக்கல் தூரம், பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன்தான். நுனி 6 செ.மீ. தள்ளி இருப்பதற்குப் பதில் 10 செ.மீ. தள்ளி இருந்தால், அதே விசைக்குத் திருப்பம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். நுண்ணிய வேலையில் கைநடுங்குவதும் நுனி வழுக்குவதும் இதனால்தான். பெரிய கத்தி வைத்திருப்பவர் சின்ன வேலை செய்யும்போது கவனியுங்கள். தானாகவே பிடியை விட்டு முன்னால் நகர்ந்து அலகையே இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். அதாவது கத்தியைச் சின்னதாக்கிக்கொள்கிறார்!

இரண்டாவது, அலகின் தடிமன். நீளம் கூடினால் வளையாமல் இருக்க தடிமனும் கூட்டுவார்கள். பக் 110-ன் அலகு முதுகுப் பக்கம் சுமார் 3 மி.மீ., ஒப்பினெல் அதில் கிட்டத்தட்ட பாதி. வெட்டும் விளிம்பு இரண்டிலும் கூராகவே இருக்கலாம். ஆனால் ஆப்பிளுக்குள் இறங்கும்போது தடித்த அலகு ஆப்பு மாதிரி வேலை செய்யும். அறுபடுவதற்குப் பதில் பிளந்துகொண்டு போகும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். மடக்குக்கத்தி என்பதே ஒரு பேரம். ஒரே துண்டாக இருக்க வேண்டிய இரும்பை நடுவில் வெட்டி, ஆணி போட்டு, பூட்டு வைக்கிறோம். அந்த மூட்டுதான் கத்தியின் பலவீனமான இடம். மணல் போகும், மாம்பழச் சாறு போகும், பலாப் பிசின் போனால் அவ்வளவுதான். பூட்டு என்றாவது வழுக்கினால் அலகு விழுகிற இடம் நம் விரல். இத்தனையையும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? பாக்கெட்டில் அடங்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. மடக்கிய பிறகும் பாக்கெட்டில் ஒழுங்காக அடங்கவில்லை என்றால், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் வந்த கதை.

பெரிய கத்திக்கும் நியாயம் உண்டு

ஒரு பக்கமே பேசினால் நியாயம் இல்லை. தர்பூசணி, பெரிய ரொட்டி, பூசணி போன்றவற்றை அறுக்க நீளம் நிஜமாகவே உதவும். அறுப்பது என்பது அழுத்துவது மட்டும் இல்லை, இழுப்பதும்கூட. இழுக்க நீளம் வேண்டும். கையுறை போட்டு வேலை செய்கிறவர்களுக்கும், பெரிய கை உள்ளவர்களுக்கும் சின்னப் பிடி நழுவும், நாலு விரலும் அடங்குகிற பிடி பாதுகாப்பானது. மலையேறுகிறவர்கள், மீன்பிடிப் படகில் போகிறவர்கள், தோட்டத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள், இவர்களுக்கெல்லாம் பெரிய மடக்குக்கத்தி அர்த்தமுள்ள பொருள். எங்கள் வகுப்புத் தோழன் லீவில் ஊருக்குப் போய் தோப்பில் நிற்கும்போது அதை இடுப்பில் வைத்துக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

விடுதி அறையில் பழம் நறுக்க வேண்டும் என்றால் மட்டும் ஒரு சின்ன யோசனை: பாத்திரக் கடையில் கிடைக்கிற சாதாரண காய்கறிக் கத்தி. மடக்குகிற மூட்டு இல்லை, கழுவினால் சுத்தம், தொலைந்தாலும் அழ வேண்டியதில்லை.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்லாத காரணத்துக்கு வருவோம். உருக்கு, பூட்டு என்று அரை மணி நேரம் பேசிய பிறகு குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார்கள். "ராத்திரி லேட்டா வர்றோம், யாராச்சும் வம்பு பண்ணினா?" அளவு பெரிதாக வேண்டும் என்று தோன்றுவதே பெரும்பாலும் இதனால்தான். டேப் வெட்ட யாரும் நாலு அங்குலம் கேட்பதில்லை. பயம்தான் கேட்கிறது.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பயம் நிஜம். ஆனால் மருந்து தப்பு.

யோசித்துப் பாருங்கள். மடக்குக்கத்தி பாக்கெட்டில் இருக்கிறது. எதிராளி கை எட்டும் தூரத்தில் நிற்கிறான். நடுங்குகிற கையால் எடுத்து, விரித்து, பூட்டியதா என்று பார்த்து... அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும். பெரும்பாலான மடக்குக்கத்திகளில் கை முன்னால் வழுக்காமல் இருக்க ஒழுங்கான தடுப்பும் கிடையாது. குத்தும்போது சொந்த விரலே அலகில் ஏறலாம். ஓடிவிட வேண்டிய இடத்தில் "நம்மிடம்தான் கத்தி இருக்கிறதே" என்று நிற்க வைத்துவிடும். அதைவிட ஆபத்து வேறெதுவும் இல்லை.

அடுத்தது சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கைகலப்பில் ஒருவரைக் கையால் அடித்துக் காயப்படுத்தினால் 115-ஆவது பிரிவு, ஓராண்டு வரை சிறை. அதே காயம் கத்தியால் ஏற்பட்டால் 118-ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை. காயம் கொடுங்காயம் என்றாகிவிட்டால் குறைந்தது ஓராண்டு, ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் இடித்தான், முறைத்தான் என்று தொடங்குகிற சண்டை, சட்டைப் பித்தான் அறுந்ததோடு முடிந்திருக்க வேண்டியது, பாக்கெட்டில் ஒரு பொருள் இருந்த ஒரே காரணத்தால் இரண்டு குடும்பத்தை ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் இழுத்துவிடும்.

இது கற்பனை இல்லை. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்தில் கல்லூரி மாணவர்கள் அரிவாளோடு மோதிக்கொண்டதை நாடே வீடியோவில் பார்த்தது. ரூட்டுச் சண்டை. நம் வயசுப் பையன்கள். அதற்கும் பார்சல் வெட்டுகிற கத்திக்கும் சம்பந்தமில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்திப் பையைச் சோதிக்கிற போலீஸ்காரருக்குத் தெரியுமா? அவர் கண்ணில் படுவது ஒரு கல்லூரி மாணவன், அவன் பாக்கெட்டில் பளபளவென்று ஒரு நாலு அங்குலக் கத்தி. "பழம் வெட்ட சார்" என்று சொல்லிப் பாருங்கள். அதே இடத்தில் திருகாணி முடுக்கியும் கத்தரியும் சேர்ந்த சிவப்புக் கத்தி இருந்தால், பேச்சு வேறு மாதிரி போக வாய்ப்பு உண்டு. பொருள் என்ன என்பதைவிட அது எப்படித் தெரிகிறது என்பதும் முக்கியம். இது நியாயமா என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

சட்டம் அளவைப் பற்றி என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் கீழ் 1962-ல் வகுத்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்தன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்தவைக்கு விலக்கு. இதைப் படித்துவிட்டுத்தான் பலரும் "ஒன்பது அங்குலம் வரை ஓகே மச்சி" என்று குதிக்கிறார்கள். ஆனால் அந்தந்த ஊருக்குத் தனி அறிவிக்கைகள் வரலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கை, பட்டன் கத்தி போன்ற விசையால் திறந்து மூடும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டியவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். அந்த அறிவிக்கையின் பேரில் பாக்கெட்டில் கத்தியோடு பிடிபட்டவர்கள்மேல் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன.

இந்த மூன்று அங்குலம் வேறு இடங்களிலும் தலைகாட்டுகிறது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டு இல்லாமல் மடங்குகிற, 3 அங்குலத்துக்கு மிகாத பேனாக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றாலோ, பூட்டு இருந்தாலோ, தக்க காரணம் வேண்டும். ஜெர்மனி 2008-ல் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைப் பொது இடத்துக்குக் காரணமின்றி எடுத்துவரத் தடை போட்டது. ஜப்பானில் 6 செ.மீ. தாண்டினாலே காரணம் வேண்டும் என்பது பொது விதி, சில மடக்குக்கத்திகளுக்கு மட்டும் 8 செ.மீ. வரை சலுகை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2017-லிருந்து ஐந்தரை அங்குலம் வரை பெரிதாகக் கேள்வி இல்லை. சிகாகோ நகரில் இரண்டரை அங்குலம் தாண்டினால் சிக்கல். மேல்படிப்புக்கு வெளிநாடு போகப்போகிற நண்பர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது என்பது தெரிந்ததுதான். 2013-ல் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை 6 செ.மீ.க்கு உட்பட்ட சின்ன மடக்குக்கத்திகளை அனுமதிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, விமானப் பணியாளர்கள் எதிர்த்ததும் சில மாதங்களிலேயே கைவிட்டது. நமக்கு விமானத்தைவிடத் தினசரித் தொந்தரவு மெட்ரோ ரயில், மால், தேர்வு அறை, ஆய்வகம். எங்கு போனாலும் பை ஸ்கேனருக்குள் போகிறது. தினமும் நாலு இடத்தில் "இதை எங்கே விட்டுவிட்டுப் போவது?" என்று யோசிக்க வைக்கிற பொருள், பத்தாம் நாள் மேசை டிராயருக்குள் போய்விடும். வீட்டில் கிடக்கிற பெரிய கத்தியைவிடக் கையில் இருக்கிற சின்னக் கத்தி எவ்வளவோ மேல். சின்னக் கத்தியும் சோதனையில் நிற்கலாம், ஆனால் அதை வீட்டில் வைத்துவிட்டு வர மனசு வலிக்காது, பறிகொடுத்தாலும் மாதச் செலவு தலைகீழாகாது.

சரி, எப்படித்தான் முடிவு செய்வது?

வாங்கத் துடிக்கிறவர்களுக்கு என் யோசனை, செலவில்லாதது:

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். எதை வெட்டினீர்கள், எதை வெட்ட நினைத்தீர்கள். நினைத்துப் பார்த்து எழுதக் கூடாது, நடந்தவுடன் எழுத வேண்டும். நினைவுக்கு மிகைப்படுத்தும் குணம் உண்டு.

2. 13 செ.மீ. நீளத்தில் ஒரு மரத்துண்டையோ பழைய டார்ச் லைட்டையோ அதே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அந்த ஒரு வாரம் நடங்கள், உட்காருங்கள், பைக் ஓட்டுங்கள், பஸ்ஸில் தொங்குங்கள். மூன்றாம் நாள் எடுத்து வைத்துவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

3. பத்துப் பேர் பார்க்க அந்தக் கத்தியை விரித்து ஒரு பார்சலைப் பிரிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு குழந்தையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் நகர்ந்து உட்காருவாரா? உட்காருவார் என்றால், அந்தக் கத்தியை நீங்கள் வெளியே எடுக்கவே மாட்டீர்கள். எடுக்கக் கூச்சப்படுகிற கருவி கருவியே இல்லை.

4. கடைசியாக, உங்களையே கேளுங்கள். இந்த அளவு வேண்டும் என்று சொல்வது வேலையா, பயமா, பந்தாவா? வேலை என்றால் நோட்டில் இருக்கும். பயம் என்றால் சீக்கிரம் அறைக்கு வருவதும், இரண்டு பேராகச் சேர்ந்து வருவதும், போனில் ஒரு எண்ணைத் தயாராக வைத்திருப்பதும் கத்தியைவிடப் பலன் தரும். பந்தா என்றால், ஹி ஹி, தாராளமாக வாங்கி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். அதிலும் தப்பில்லை. நல்ல இரும்பு வேலை பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

என் கணக்கில், மாணவருக்கு ஏற்றது ஆறு ஏழு சென்டிமீட்டர் அலகு, மெல்லிய இரும்பு, நூறு கிராமுக்குள் எடை, பக்கத்தில் நிற்பவர் பயப்படாத தோற்றம். கூடவே ஒரு கத்தரியும் திருகாணி முடுக்கியும் இருந்தால், கத்தியைவிட அவற்றைத்தான் அதிகம் எடுப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். அதைத் தீட்டிக் கூராக வைத்திருங்கள். மழுங்கின பெரிய கத்தியைவிடக் கூரான சின்னக் கத்தி வேலையும் சுத்தம், விரலுக்கும் பத்திரம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வாய்ச்சண்டை மட்டும். :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, மெக்கானிக்கல் மாணவன். மேலே சட்டம் பற்றிச் சொன்னது பொது அறிவுக்காக. வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊர் விதியை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.